அந்தமானில் ஐந்து கடற்கரைகளும் ஒரு பாறையும்

என் வீட்டுக்காரர் மாதேஷ் போன டிசம்பர் கடைசியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் பிரஸ் ஷாப் வேலை. இரும்புத் தகட்டை இயந்திரத்தில் வைத்து அடித்து வளைக்கும் பிரிவு அது. அந்தச் சத்தத்திலேயே இருந்து இருந்து இரண்டு காதும் போய்விட்டன. கருவி மாட்டிக்கொண்டால் எதிரில் உட்கார்ந்து பேசுவது கேட்கும். கழற்றிவிட்டால் பக்கத்தில் பட்டாசு வெடித்தால்தான் திரும்பிப் பார்ப்பார்.

இதனாலேயே பத்து வருடமாக எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டார். எங்கள் சொந்த ஊர் கௌதள்ளி, மைசூரிலிருந்து பஸ்ஸில் போனால் அரைநாள்கூட ஆகாது. அங்கே கல்யாணம் என்றால்கூட என்னைத் தனியாக அனுப்பிவிடுவார். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அவருக்கு ஒன்றும் புரியாது. சிரித்துத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். குடகுக்கு நான் எங்கள் பள்ளி ஆசிரியைகளோடு போய்வந்து பதிவு எழுதியது அதனால்தான். அந்தப் பதிவைப் படித்தவர்கள் "சார் வரலையா?" என்று கேட்டிருந்தீர்கள். காரணம் இதுதான்.

இந்த முறை பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் திவ்யா யாரையும் கேட்காமல் டிக்கெட் போட்டுவிட்டாள். ஜனவரி இரண்டாம் வாரம், ஐந்து இரவு, அந்தமான். "அப்பா, கடலுக்குள்ள யாரும் பேசறதில்லப்பா. தைரியமா போயிட்டு வாங்க" என்று போனில் அவள் சொன்னதை நான் அவருக்கு எதிரில் நின்று திருப்பிச் சொன்னேன். "பேசாத ஊரா? அப்படின்னா போலாம் பிடு" என்றார். பிடு என்றால் கன்னடத்தில் 'விடு'. எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு அதில்தான் முடியும்.

ஐந்து நாளில் எல்லாக் கடற்கரையையும் பார்க்க முடியாது. எதை விடுவது, எதைப் பார்ப்பது என்று குழம்புபவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கூடவே நான்காம் நாள் எங்களுக்கு நடந்ததையும் எழுதியிருக்கிறேன். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மைசூரில் இரவு பத்தரைக்கு விமான நிலையப் பேருந்து ஏறினோம். நேராகப் பெங்களூர் விமான நிலைய வாசலில் இறக்கிவிடுவார்கள். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்தது. காலை ஆறரை விமானம், ஒன்பது மணிக்கெல்லாம் போர்ட் பிளேர். இப்போது அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் புதுப்பெயர் இருக்கும், பயந்துவிடாதீர்கள். ஹாவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்றும் நீல் தீவுக்கு ஷஹீத் த்வீப் என்றும் போட்டிருப்பார்கள். பேச்சில் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அன்று மதியமே ஹாவ்லாக்குக்குக் கப்பல். ஆளுக்கு 1,650 ரூபாய், ஒன்றரை மணி நேரம். கப்பலுக்குள் குளிர்சாதனம், சினிமாப் பாட்டு. கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்கலாம், வெளியே நின்று காற்று வாங்க முடியாது. எனக்கு வாந்தி வந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை, என் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் கடற்கரை ராதாநகர். படகுத்துறையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், ஆட்டோவில் அரை மணி நேரம். அது எல்லோரும் சொல்வது போலத்தான் இருந்தது. வெள்ளை மணல், அரிசி மாவை மிதிப்பது போலக் காலடியில் மெத்தென்று அமுங்கும். பின்னால் பனைமரத்தைவிட உயரமான காட்டுமரங்கள். கரை நீளமாக வளைந்து போகிறது, கூட்டம் இருந்தாலும் தெரியவில்லை. ஜனவரியில் ஐந்தேகாலுக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. மூன்றரைக்குள் போய்விடுங்கள். மாலையில் காவலர்கள் விசிலடித்து எல்லோரையும் தண்ணீரிலிருந்து வெளியே வரச் சொல்கிறார்கள். இவருக்கு விசில் கேட்கவில்லை. நான் தண்ணீருக்குள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அப்போது சிரித்தோம்.

இரண்டாவது, காலாபத்தர். கருங்கற்கள் ஓரமாகக் கிடக்கும் சின்னக் கரை, தார்ச்சாலையை ஒட்டியே இருக்கிறது. காலை ஐந்தரைக்குப் போனால் சூரியோதயம் அருமை. பத்து மணிக்குப் போனால் வெயிலும் இளநீர்க் கடைகளும்தான். குளிக்க ஏற்ற இடம் இல்லை. ஒரு மணி நேரம் போதும்.

மூன்றாவது, எலிஃபண்ட் பீச். ஹாவ்லாக் துறையிலிருந்து படகில் இருபது நிமிடம், ஆளுக்கு 1,000 ரூபாய். அதிலேயே பதினைந்து நிமிடம் கண்ணாடி மாட்டித் தண்ணீருக்குள் பார்க்கவிடுகிறார்கள். ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கூட வருபவர் இழுத்துக்கொண்டு போவார். இறங்குவதற்கு முன் கைச்சைகை சொல்லிக்கொடுத்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் 'நன்றாக இருக்கிறேன்', கட்டைவிரலை மேலே காட்டினால் 'வெளியே போகவேண்டும்'. மற்றவர்கள் இரண்டு தடவை தப்பாகச் செய்தார்கள். இவர் முதல் தடவையே பிடித்துக்கொண்டார். வெளியே வந்தபோது முகத்தில் கண்ணாடியின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. "அந்த மஞ்ச மீன் பார்த்தியா? நீலக் கோடு போட்டது? என்ற கையத் தொட்டுட்டுப் போச்சு புள்ள" என்றார். இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல அவர் தானாகப் பேசி நான் கேட்டு நாளாகியிருந்தது. எலிஃபண்ட் பீச்சில் கூச்சல் அதிகம், தண்ணீர் ஸ்கூட்டர்களின் சத்தம் காதைப் பிளக்கிறது. அவருக்கு அது கேட்கவில்லை, எனக்குத்தான் தலைவலி.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக் கப்பலில் நீல் தீவு. ஒரு மணி நேரம், 1,400 ரூபாய். நீல் சின்னத் தீவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆட்டோவில் இருபது நிமிடம்கூட ஆகாது. வயல், வாழை, கத்தரிக்காய்த் தோட்டம் என்று நம் ஊர்ப்பக்கம் போலவே இருந்தது. துறையில் ஆட்டோக்காரர் கணேசன் கிடைத்தார். அப்பா அம்மா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர்களாம், கணேசன் பிறந்தது போர்ட் பிளேரில். தமிழும் வங்காளமும் இந்தியும் கலந்து பேசினார். இரண்டு நாளைக்கு 1,800 ரூபாய் என்று ஒத்துக்கொண்டார்.

அன்று மாலை நான்காவது கடற்கரை, லக்ஷ்மண்பூர். தண்ணீர் இறங்கும்போது போனால் பவளப்பாறைகள் வெளியே தெரியும், நடுவில் குட்டைகள். மணல் கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் சூரியாஸ்தமனத்துக்கு என் ஓட்டு ராதாநகருக்கு அல்ல, இதற்குத்தான். தண்ணீருக்குள் இறங்க ஆசைப்படுபவர்கள் ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது நான்காம் நாள் காலையைத்தான்.

நீலில் நேச்சுரல் பிரிட்ஜ் என்று ஒரு பாறை வளைவு இருக்கிறது. கடல் குடைந்து குடைந்து பாலம் போல ஆக்கிய பாறை. தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கும்போது மட்டும்தான் அதன் அடியில் நடந்து போகலாம். அன்று காலை ஏழேகாலுக்குத் தண்ணீர் மிகவும் இறங்கும் என்று கணேசன் முந்தின நாளே சொல்லியிருந்தார். ஏழு இருபதுக்குப் போய்விட்டோம். ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து படிகள் இறங்கி, வழுக்கும் கற்கள்மேல் பத்து நிமிட நடை. என் முழங்கால் அதற்குமேல் ஒத்துழைக்கவில்லை. பாலத்தைப் பார்த்து, படமெடுத்து, எட்டுமணி வாக்கில் ஒரு நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் அந்தப் பாறை முனை வரைக்கும் போய் அந்தப் பக்கம் குட்டையில என்ன இருக்குன்னு பார்த்துட்டு வரேன்" என்றார். நான் அவர் காதைக் காட்டினேன். "ஏனுங்க, அதைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. உப்புத்தண்ணி பட்டுச்சுன்னா மிஷின் போயிரும்."

இதை நான்தான் சொன்னேன். அவர் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். அரைமணி நேரம் என்று விரலால் காட்டிவிட்டுப் போனார். அப்போது எட்டேகால்.

எட்டே முக்காலுக்கு வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. ஆள் அப்படித்தான், எதையாவது பார்த்தால் நேரம் மறந்துவிடுவார் என்று உட்கார்ந்திருந்தேன். ஒன்பது இருபதுக்கு வழிகாட்டிகள் மற்றவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கரையேற ஆரம்பித்தார்கள். அப்போதுதான் கவனித்தேன். நான் வரும்போது மிதித்து வந்த கற்களைக் காணவில்லை. அவற்றின்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அலை பெரிதாக இல்லை, சத்தமும் இல்லை. குழாயைத் திறந்துவிட்ட தொட்டி போல மெதுவாக நிரம்பிக்கொண்டிருந்தது.

எழுந்து முனைப்பக்கம் பார்த்துக் கத்தினேன். மாதேஷ் என்று பெயர் சொல்லிக் கத்தினேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கத்திக்கொண்டே இருக்கும்போதுதான் உறைத்தது, கேட்க வேண்டிய காது இரண்டும் என் கைப்பையில் இருக்கின்றன.

முனையை நோக்கி நானே நடந்தேன். நாலாவது கல்லில் வழுக்கி விழுந்தேன். முழங்கையும் கன்னமும் உரசின. படிக்கட்டிலிருந்து கணேசன் ஓடி வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"அக்கா, நீங்க போகாதீங்க. அப்புறம் ரெண்டு பேரைத் தேடணும்."

"அவருக்குக் காது கேக்காதுங்க தம்பி. எத்தனை கத்துனாலும் கேக்காது."

அதுவரை கணேசனுக்கு அது தெரியாது. முந்தின நாள் கருவி மாட்டியிருந்ததால் இவர் சாதாரணமாகத்தான் பேசியிருந்தார். கணேசன் முகம் மாறிவிட்டது. படிக்கட்டின் மேலே இளநீர் விற்கும் மாலா என்ற பெண்மணியிடம் வங்காளத்தில் ஏதோ கேட்டார். வங்காளக் குடும்பம், அறுபது வயதிருக்கும், அங்கே எல்லோரும் அவரைத் தீதி, அதாவது அக்கா என்கிறார்கள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இளநீர் பறிக்கும் மூங்கில் கொக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஊப்பர் ஸே ராஸ்தா ஹை" என்று எனக்கும் புரியும்படி இந்தியில் சொன்னார். மேலே ஒரு வழி இருக்கிறது.

கடல்மட்டத்தில் முனையைச் சுற்றிப் போக முடியாது, ஆனால் அதன் தலைமேல் தாழம்புதர் வழியாக ஒற்றையடிப் பாதை இருக்கிறது. மாலா தீதி முன்னால், கணேசன் நடுவில், நான் பின்னால். முள் சேலையைக் கிழித்தது. பத்து நிமிடம் நடந்திருப்போம், பத்துமணி நேரம் போல இருந்தது. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். திவ்யாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். போனில் சொல்லவேண்டிய முதல் வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு விதமாகச் சொல்லியும் பார்த்துவிட்டேன்.

புதர் முடிந்த இடத்தில் கீழே பார்த்தோம். இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே, கரையிலிருந்து முப்பதடி தள்ளி, ஒரு பாறைமேல் அவர் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாறையைச் சுற்றி எல்லாப் பக்கமும் தண்ணீர்.

கணேசன் கூவினார். விசிலடித்தார். மாலா தீதி ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தார், அலையோடு அலையாகப் போய்விட்டது. பாறைமேல் இருந்தவர் திரும்பவில்லை.

எங்கள் வீட்டில் அவரைக் கூப்பிட நான் அறை விளக்கை அணைத்து அணைத்துப் போடுவேன். சாப்பிட வாங்க என்றால் இரண்டு தடவை, யாரோ வந்திருக்கிறார்கள் என்றால் மூன்று தடவை. அது ஞாபகம் வந்தது. கைப்பையில் காலைப் பலகாரம் கொண்டுவந்த எவர்சில்வர் டப்பா இருந்தது. மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்தேன். வெளிச்சம் எங்கெங்கோ ஓடியது, இலைமேல், தண்ணீர்மேல். மாலா தீதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அந்த வெளிச்ச வட்டம் அவர் உட்கார்ந்திருந்த பாறையில், அவருடைய முழங்காலுக்கு முன்னால் விழுந்தது. மூடியை ஆட்டினேன். இரண்டு தடவை. மறுபடி இரண்டு தடவை.

சட்டென்று திரும்பினார். திரும்பி நேராக மேலே பார்த்தார்.

மீதியெல்லாம் கணேசன் செய்தார். இடப்பக்கம் கரையோர மரம் ஒன்று சாய்ந்து அதன் வேர் தண்ணீர் வரை இறங்கியிருந்தது. அங்கே வரச்சொல்லிக் கையைக் காட்டினார். இவர் பாறையிலிருந்து இறங்கினார், தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்தது. அங்கே சிக்னலே கிடைக்காத போனை ஒரு கையால் உயரப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காலைத் துழாவித் துழாவி வந்தார். கணேசன் வேரைப் பிடித்துக்கொண்டே பாதி தூரம் இறங்கி, மாலா தீதி கொடுத்த மூங்கில் கொக்கியை நீட்டினார். அவர் அதைப் பிடித்தபோது மணி பத்து ஐந்து. பத்தேகாலுக்கு மேலே ஏறிவிட்டார். உள்ளங்கால் இரண்டும் கிழிந்து ரத்தம்.

நான் கருவியை எடுத்து அவர் காதில் மாட்டிவிட்டேன். மூன்றாம் தடவைதான் உள்ளே போனது.

"ஏனுங்க, தண்ணி ஏறுறது தெரியலீங்களா?"

"தெரிஞ்சுது. முழங்கால் வரைக்கும் வந்தப்பவே தெரிஞ்சுது. அப்ப வந்த வழி மூடிக்கிச்சு. உயரமான பாறையாப் பார்த்து ஏறி உக்காந்துட்டேன்."

"கத்த வேண்டியதுதானே?"

"கத்தினேன் புள்ள. நாலஞ்சு தடவை கத்தினேன். யாராச்சும் பதில் சொன்னாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தாழம்புதருக்கு நடுவில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாலா தீதி என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கடை தனியாக இருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டார். நாங்கள் கீழே வந்தபோது எங்களுக்காக மூன்று இளநீர் வெட்டி வைத்திருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். தீவின் சுகாதார நிலையத்தில் இவர் காலைக் கழுவிக் கட்டுப்போட்டு ஊசி போட்டார்கள். ஆழமான வெட்டு இல்லை. "நாளைக்கே நடக்கலாம்" என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார்.

அன்று முழுக்க அறையிலேயே இருந்தோம். நான் ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்றேன். கப்பல் டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று கணேசனிடம் கேட்டும் வைத்தேன். இவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பரதபூர் பார்க்கலை அல்வா?" என்றார். அல்வா என்றால் கன்னடத்தில் 'இல்லையா'. தின்கிற அல்வா இல்லை.

ஐந்தாவது கடற்கரை, பரத்பூர். பெயரை இவர் கடைசிவரை பரதபூர் என்றுதான் சொன்னார். நீல் துறையிலிருந்து அரைக் கிலோமீட்டர், நடந்தே போகலாம். மறுநாள் காலை ஒன்பதுக்குப் போனோம். ராதாநகர் அளவுக்கு அழகில்லை. கரையோரம் தட்டுக்கடைகளும் துணிக்கடைகளும் படகுக்காரர்களும். ஆனால் தண்ணீர் தெளிவான வெளிர்பச்சை. நீண்ட தூரம் இடுப்பளவுதான் ஆழம். அடியில் பாறையில்லாமல் மணல் இருக்கும் பக்கத்தைக் கடைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டோம். முக்கியமாக, கரையில் எங்கே உட்கார்ந்தாலும் தண்ணீரில் இருக்கும் ஒவ்வொரு தலையும் தெரிகிறது.

காலில் கட்டுக்குமேல் பிளாஸ்டிக் உறையைக் கட்டி அதன்மேல் ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு இறங்கினார். டாக்டர்கள் யாராவது படித்தால் மன்னிக்கவும். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே இறங்கினேன். அவர் மல்லாந்து மிதந்தார். முதலில் அவர் கையை நான் விடவில்லை. பத்து நிமிடம் கழித்து அவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். விட்டுவிட்டேன். முந்தின நாள் காலைக்குப் பிறகு அப்போதுதான் எனக்குப் பசி எடுத்தது. கரையேறி ஆளுக்கு நூற்றெண்பது ரூபாய்ச் சாப்பாடு இரண்டு வாங்கி, நான் ஒன்றரைச் சாப்பாடு சாப்பிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரே கடற்கரைக்குத்தான் நேரம் என்றால் ராதாநகர். நீச்சல் தெரியாதவர்கள், குழந்தைகள், பெரியவர்களோடு போனால் பரத்பூர். சூரியன் மறைவதற்கு லக்ஷ்மண்பூர், உதிப்பதற்குக் காலாபத்தர். மீன் பார்க்க எலிஃபண்ட் பீச், ஆனால் காலையில் முதல் படகில் போய்விடுங்கள். தண்ணீர் ஏறும், இறங்கும் நேரம் தினமும் கொஞ்சம் தள்ளிப்போகும். நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. தங்கும் இடத்தில் தினமும் கேளுங்கள். உங்களோடு காது கேட்காதவர், பார்வை குறைந்தவர், மூட்டுவலிக்காரர் யார் இருந்தாலும் ஆட்டோ ஓட்டுபவரிடமும் வழிகாட்டியிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். அது தப்பு. கருவி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

மைசூர் திரும்பி ஒரு வாரம் கழித்து இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தபோது அவரிடம் கேட்டேன், உங்களுக்கு எந்தக் கடற்கரை முதலில் என்று. ராதாநகர் அல்லது பரத்பூர் என்பார் என்று நினைத்தேன்.

"அந்தப் பாறை இருந்த இடம்" என்றார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "உசுரு போகப் பார்த்த இடமுங்க அது!"

"அங்க ஒரு ஆக்டோபஸ் இருந்துச்சு. கல்லு நிறமா இருக்கும், நான் கொஞ்சம் நகர்ந்தா சிவப்பாயிரும், மறுபடி கல்லாயிரும். அரைமணி நேரம் அது என்னைப் பார்த்துட்டு இருந்துச்சு, நான் அதைப் பார்த்துட்டு இருந்தேன்." அப்புறம் சொன்னார், "அந்த அரைமணி நேரமும் எனக்குக் காது கேக்காதுங்கற ஞாபகமே வரலை புள்ள."

என் பட்டியலில் அந்த இடம் இல்லை. அவர் பட்டியலில் அதுதான் முதலிடம், மாற்றமாட்டேன் என்கிறார். நீங்கள் போனால் குட்டைகளை நிதானமாகப் பாருங்கள். ஏழேகாலுக்குத் தண்ணீர் இறங்கும் நாளென்றால் எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள் என்று நான் எழுதப் போனேன். அவர் எட்டிப்பார்த்து, "எட்டே முக்கால்னு போடு" என்றார்.